அறுபதா, எழுபத்தைந்தா?

கலிஃபோர்னியாவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினான். 2016 டெஸ்லா மாடல் எஸ் 60 ஒன்று அவனுக்குப் பழைய வண்டியாக விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர், "பெயரில்தான் 60, உள்ளே இருப்பது 75. அதைப் பார்த்து விலை சொல்லுங்கள்" என்கிறாராம். "டேய், நீதான் பேட்டரியைப் பத்தி நோண்டிக்கிட்டே இருப்பியே. இது 60ஆ 75ஆ? நான் எதுக்குக் காசு குடுக்கறேன்?"

இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். எழுத உட்கார்ந்தபோது அது என் பழைய வேலை வரைக்கும் போய்விட்டது. அதனால் இங்கே குறிப்பாகவே போட்டுவிடுகிறேன்.

முதலில் அளவு. கார் கம்பெனிகள் கிலோவாட் அவர் என்று சொல்வது நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை ஒரே ராத்திரியில் குடித்துவிடும் வண்டிகள் அங்கே ஓடுகின்றன. இந்தக் குறிப்பு முழுக்க யூனிட் என்றே எழுதுகிறேன், வாயில் சுலபமாக வருகிறது.

மாடல் எஸ் 2012 ஜூனில் வாடிக்கையாளர் கைக்குப் போக ஆரம்பித்தது. விலைப்பட்டியலில் மூன்று பேட்டரி: 40, 60, 85. அமெரிக்க அரசின் 7,500 டாலர் வரிச்சலுகையைக் கழிக்காமல் பார்த்தால் 57,400, 67,400, 77,400 டாலர். அதற்கு மேல் இன்னொரு பத்தாயிரம் கொடுத்தால் அதே 85 பேட்டரியோடு பெர்ஃபார்மன்ஸ் வண்டி. எல்லாப் படியும் பத்தாயிரம் உயரம். சரவணபவன் மெனு கார்டு மாதிரி சுத்தமான பட்டியல். ஆனால் யூனிட் கணக்கில் பாருங்கள். 40இலிருந்து 60க்குப் போக யூனிட்டுக்கு 500 டாலர். 60இலிருந்து 85க்குப் போக யூனிட்டுக்கு 400 டாலர். செல்லின் அடக்க விலையை வைத்துப் போட்ட விலை என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அடக்க விலைக்கும் இந்தப் பட்டியலுக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை என்பது முதல் நாளிலேயே தெரிகிற விஷயம். அதில் தப்பும் இல்லை, எந்தக் கடைக்காரனும் அடக்க விலையை வைத்து மட்டும் விற்பதில்லை.

இந்தக் காலகட்டத்தில் வித்தியாசம் என்னவோ நிஜமான வித்தியாசம்தான். 85 பேக்கில் 16 மாட்யூல், 7,104 செல். 60 பேக்கில் 14 மாட்யூல், 5,376 செல். பக்கவாட்டில் இணைத்த செல்கள் 74க்குப் பதில் 64 என்பதால் ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய கரண்டும் குறைவு. அதனால் சின்ன பேட்டரி வண்டி கொஞ்சம் மந்தமாக இருப்பது இயற்பியல். யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டிய இடம் அந்த 40. அந்த வண்டிக்கு சூப்பர்சார்ஜர் கிடையாது, பணம் கட்டினாலும் கிடையாது. 60க்குக் கூடுதல் பணம் கட்டினால் உண்டு, 85க்கு விலையிலேயே சேர்த்தி. அதாவது எந்த வண்டிக்குத் தூரப் பயணத்தில் அடிக்கடி சார்ஜ் தேவைப்படுமோ அந்த வண்டிக்கே வேகமான சார்ஜ் மறுக்கப்பட்டது. பிறகு 2013இல் அறிவிப்பு: 40ஐக் கேட்டவர்கள் 4 சதவீதம்தான், எனவே அதைத் தயாரிக்கப் போவதில்லை. ஏற்கெனவே புக் செய்தவர்களுக்கு 60 பேக்கையே பொருத்தி, சாஃப்ட்வேரால் 40 ஆகக் குறைத்துத் தருவார்கள். பின்னால் பணம் கட்டித் திறந்துகொள்ளலாம்.

இந்த 4 சதவீதத்தை அன்றைக்கு எல்லாரும் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். ‘பார்த்தீர்களா, ஜனங்களுக்குப் பெரிய பேட்டரிதான் வேண்டும்.’ எனக்கு இது வட்டமடிக்கிற வாதமாகப் படுகிறது. மூன்று தோசை போட்டு ஒன்றுக்குச் சட்னி சாம்பார் கிடையாது என்று எழுதி வைத்துவிட்டு, அந்தத் தோசை விற்கவில்லை, ஊரில் யாருக்கும் சின்ன தோசை பிடிக்காது என்று சொல்வதா? ஆனால் 40 தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. சலுகை போக 49,900 டாலர் என்ற எண்ணை விளம்பரத்தில் தாங்கி நின்றது. ஐம்பதாயிரத்துக்குக் கீழே ஒரு டெஸ்லா என்ற பேச்சு பரவியது, ஷோரூமுக்கு ஆள் வந்தது, வந்தவர்கள் 60ஐயும் 85ஐயும் வாங்கினார்கள். பிரீமியம் கார் விற்கிறவனுக்குச் சின்ன பேட்டரி பெரும்பாலும் இதற்குத்தான். விற்பதற்கு இல்லை, ‘விலை இங்கிருந்து ஆரம்பம்’ என்று எழுதுவதற்கு.

2019இல் இதே கதை மாடல் 3இல் மறுபடி நடந்தது. 35,000 டாலர் கார் என்று 2016இல் கொடுத்த வாக்கு. 2019 பிப்ரவரி கடைசியில் ஒருவழியாக அறிவித்தார்கள். ஆறே வாரம்தான், ஏப்ரலில் அது இணையதளப் பட்டியலிலிருந்தே காணோம். போன் செய்தோ கடைக்கு நேரில் போயோ கேட்டால் கிடைக்கும். கிடைப்பதும் தனி பேட்டரி இல்லை. ஒரு படி மேலே இருக்கும் ஸ்டாண்டர்ட் ரேஞ்ச் பிளஸ் வண்டிதான், ஓடும் தூரத்தைச் சாஃப்ட்வேரில் 10 சதவீதம் குறைத்து, சீட் சூடேற்றியை அணைத்து, பாட்டு ஸ்ட்ரீமிங்கையும் நிறுத்தியது. சீட்டுக்குள் கம்பி இருக்கிறது, ஸ்விட்ச்தான் கிடையாது.

இடையில் வந்ததுதான் என் நண்பனின் வண்டி. 2015இல் 60ஐ நிறுத்தி 70 கொண்டுவந்தார்கள். 2016 மேயில் 75 வந்தது. ஜூனில் மறுபடி 60, விலை 66,000 டாலர். உள்ளே 75 பேக். வாங்கும்போதே திறந்துகொண்டால் 8,500, அப்புறம் திறந்தால் 9,000. பதினைந்து யூனிட்டுக்கு 9,000 என்றால் யூனிட்டுக்கு 600 டாலர். 2012இல் நிஜமான செல்லைக் கொடுத்து 500 வாங்கியவர்கள், நாலு வருஷத்தில் செல் விலை சரிந்த பிறகு, ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் செல்லுக்கு 600 கேட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்மையான உதாரணம் வேண்டும். போர்ஷே டைகான் 4எஸ் 2019இல் வந்தபோது இரண்டு பேட்டரி: 79.2 யூனிட், 93.4 யூனிட். சின்னதில் 28 மாட்யூல், 336 செல். பெரியதில் 33 மாட்யூல், 396 செல். அமெரிக்காவில் பெரியதற்கு ஏறக்குறைய 6,500 டாலர் கூடுதல். யூனிட்டுக்கு 460 டாலர் பக்கம் வருகிறது. புளூம்பெர்க் என்ஈஎஃப் அந்த வருஷத்துக்குச் சொன்ன சராசரி பேக் விலை யூனிட்டுக்கு 156 டாலர். மூன்று மடங்கு லாபமா என்று அதிர்ச்சியாக வேண்டாம். இது போர்ஷே. தையல் நூலின் நிறத்தை மாற்றுவதற்கே காசு வாங்குகிற கம்பெனி. ஆனால் கொடுக்கிற பணத்துக்கு 60 செல் கூடுதலாக வருகிறது, வண்டியின் உச்ச சக்தி 390 கிலோவாட்டிலிருந்து 420 ஆகிறது, சார்ஜ் வேகம் 225 கிலோவாட்டிலிருந்து 270க்குப் போகிறது. தொடராக இணைத்த செல் கூடினால் வோல்டேஜ் கூடும், அதனால் இந்த வித்தியாசங்களுக்கும் செல்லுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் எதற்கு என்று தெரிகிறது.

பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ் வேறு ரகம். ஆரம்பத்தில் 71 யூனிட் பேட்டரியோடு 240 கிலோவாட் மோட்டார், 105 யூனிட்டோடு 385 கிலோவாட் மோட்டார். ‘எனக்கு வேகம் வேண்டாம்பா, தூரம் போனால் போதும்’ என்று சொல்கிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. தூரம் வேண்டுமென்றால் வேகத்தையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். இதைப் பற்றி யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பூட்டு என்றால்தான் கோபம் வருகிறது நமக்கு, கட்டாய ஜோடி என்றால் வருவதில்லை. ஏனென்று தெரியவில்லை.

சரி, பூட்டுக்கு வருவோம். ‘நான் வாங்கிய வண்டிக்குள் இருப்பதை எனக்கே விற்பதா, இது கொள்ளை’ என்ற வாதத்தை நான் முழுசாக ஏற்கவில்லை. இதற்குப் பழைய வரலாறு இருக்கிறது. பிரான்ஸில் பாலங்கள், சாலைகள் துறையில் வேலை பார்த்த ஜூல் துப்புயி என்ற இஞ்சினியர் 1849இலேயே ரயிலை வைத்து இதை எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைச் செலவை மிச்சப்படுத்த இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அடி விழுவது ஏழைக்கு, மிரட்டுவது பணக்காரனை. அவரும் நம்மை மாதிரி ஒரு இஞ்சினியர்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் வயதுக்காரர்கள் கல்லூரி லேபில் 486 கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்கள். இன்டெல் 1991இல் 486எஸ்எக்ஸ் என்று ஒரு மலிவு சிப் விட்டது. 486டிஎக்ஸ் சிப்பில் இருக்கும் மிதவைப்புள்ளிக் கணக்குப் பகுதியை முடக்கி வைத்தது. பின்னால் அந்த வசதி வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் என்று ஒன்றை வாங்கிச் செருகலாம். அது உண்மையில் முழு 486டிஎக்ஸ்தான், செருகியதும் பழைய சிப்பை ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். 1996இல் டெனெக்கரே, மெக்காஃபீ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த மாதிரிச் சரக்குகளுக்கு ‘சேதப்படுத்தப்பட்ட சரக்கு’ என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் முடிவு கொஞ்சம் சங்கடமானது: சில சூழ்நிலைகளில் இப்படிச் சேதப்படுத்தி விற்பதால் கம்பெனி, பணக்கார வாடிக்கையாளர், மலிவு வாடிக்கையாளர் மூன்று பேருக்குமே நன்மை வரலாம். 66,000க்கு 60 இல்லையென்றால் அந்த ஆள் டெஸ்லாவே வாங்கியிருக்க மாட்டார். பூட்டு இருப்பதால்தான் அவருக்கு வண்டி கிடைத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு, கம்பெனி விளம்பரத்தில் இதைச் சொன்னதாக நினைவில்லை. மேல்பகுதி பூட்டப்பட்ட பேட்டரியில் திரையில் 100 சதவீதம் என்று காட்டும்போது செல் உண்மையில் முழுக்க நிறைந்திருக்காது. லித்தியம் செல்லுக்கு உச்சம்வரை நிரப்பி வைப்பதுதான் ஆகாது. ஆக, பூட்டிய வண்டிக்காரர் தினமும் ‘முழுசாக’ சார்ஜ் போடலாம், பேட்டரி நோகாது. வேகச் சார்ஜரிலும் கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போகாது. நண்பனுக்கு நான் சொன்ன முதல் நல்ல செய்தி இதுதான். கெட்ட செய்தி, அந்தப் பதினைந்து யூனிட் செல்லின் எடை. மாடல் எஸ் பேக்கின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் 90, 100 கிலோ வரும். பயன்படுத்த முடியாத ஒரு ஆள் கணத்தைச் சதா டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போகிறான்.

அப்படியென்றால் எனக்கு என்னதான் பிரச்சினை? இங்கேதான் என் பழைய வேலை வருகிறது.

2006 வாக்கில் நான் நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். 24 போர்ட் சுவிட்சையே 12 போர்ட் என்று குறைந்த விலைக்கும் விற்பார்கள். மீதி 12ஐத் திறக்க லைசென்ஸ் கோப்பு. அந்த லைசென்ஸைச் சரிபார்க்கும் மாட்யூலை எழுதியது நான். மொத்தமே சில நூறு வரி. போர்டின் சீரியல் எண்ணோடு லைசென்ஸைக் கட்டிப்போட்டிருந்தேன், வேறு பெட்டிக்குக் காப்பி அடிக்கக் கூடாதே. டெஸ்டிங்கில் எல்லாம் பாஸ். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து போன். அவர் முழுப் பணம் கட்டி 24ஐயும் திறந்தவர். போர்டு பழுதாகி, வாரண்டியில் நம் ஆட்களே புது போர்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புது போர்டு, புது சீரியல் எண். பாதி போர்ட் இருண்டுவிட்டது. மனுஷர் கத்தவில்லை, அதுதான் இன்னும் உறைக்கிறது. "சார், நான் காசு கட்டினேன் சார், ரசீது இருக்கு" என்றார். எனக்கு அவரிடம் ரசீதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, என் கணினியில் ஒரு கட்டளை அடித்தால் போதும். அடித்தேன், திறந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: அவர் பெட்டி அவர் அலுவலகத்தில், அவர் கரண்டில் ஓடுகிறது. ஆனால் அது எத்தனை போர்ட் பெட்டி என்று முடிவு செய்வது சென்னையில் இருக்கும் நான்.

2022இல் ஒரு செய்தி படித்தேன். முதலில் 60 ஆக வாங்கிய பழைய மாடல் எஸ் ஒன்று. பேட்டரி பழுதாகி வாரண்டியில் டெஸ்லாவே 90 பேக் மாற்றிக் கொடுத்திருக்கிறது. வண்டி கைமாறி மூன்றாவது ஆளிடம் வந்திருக்கிறது. அவர் 90 என்று நம்பித்தான் வாங்கினார், ஓட்டினார். பிறகு கம்பெனி தன் பதிவேட்டைப் பார்த்து, இது 60 வண்டியாச்சே என்று தொலைவிலிருந்தே 60 ஆகப் பூட்டிவிட்டது. திறக்க 4,500 டாலர். விஷயம் ட்விட்டரில் பரவிய பிறகுதான் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். படித்துக்கொண்டிருந்தபோதே அந்தக் கோடை எழுதியவன் முகம் எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. கெட்டவனாக இருக்க மாட்டான். பதிவேட்டில் 60, வண்டியில் 90, இரண்டும் பொருந்தவில்லை, பதிவேடே சரி என்று ஒரு வரி எழுதியிருப்பான். நானும் அதே வரியைத்தான் எழுதினேன்.

486எஸ்எக்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். இன்டெல் முடக்கிய சிப் முடங்கியே இருந்தது. விற்றது விற்றதுதான், இன்டெல் உங்கள் மேஜைக்கு வந்து மறுபடி எதையும் மாற்ற முடியாது. துப்புயியின் ரயில் பெட்டியிலும் பாதி வழியில் கூரையைக் கழற்ற மாட்டார்கள். பூட்டிய பேட்டரியில் விலைப்பேச்சு முடிவதே இல்லை. விற்றவன் கையில் சாவி இருந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் சாவியை நல்லதற்கும் பயன்படுத்தினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி ஃபுளோரிடாவை நோக்கி வந்தபோது, தப்பி ஓடுகிறவர்களுக்காக அங்கே இருந்த 60 வண்டிகளையெல்லாம் தற்காலிகமாக 75 ஆகத் திறந்துவிட்டது டெஸ்லா. முப்பது மைல் சொச்சம் கூடுதலாகக் கிடைத்தது. 16ஆம் தேதி வரை. அதற்குப் பிறகு மறுபடி 60. ஊரே பாராட்டியது. நானும் அன்று பாராட்டினேன். இன்று யோசித்தால் அந்த ‘16ஆம் தேதி வரை’தான் கண்ணில் படுகிறது. உயிர் பிழைக்கத் தேவையான மைல்கள் வண்டிக்குள்ளேயே இருந்தன, கிடைத்தது யாரோ ஒருவர் மனம் வைத்ததால்.

மனம் வேறு மாதிரி வைத்த சந்தர்ப்பமும் உண்டு. 2019இல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சில பழைய மாடல் எஸ் வண்டிகளின் பேட்டரி உச்ச வோல்டேஜ் குறைக்கப்பட்டது, ஓடும் தூரம் குறைந்தது. பாதுகாப்புக்காக என்றார்கள், இருக்கலாம். வழக்கு நடந்து 2021இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. 1,743 வண்டிகள், ஆளுக்கு 625 டாலர். இவை பூட்டிய வண்டிகளே இல்லை, முழு விலை கொடுத்து வாங்கியவை. சாவி அந்த வண்டிகளுக்கும் இருந்திருக்கிறது.

விலைக் கணக்கில் மட்டும் ஒரு ஆறுதல். 2024இல் மாடல் ஒய் வண்டியின் 260 மைல் ரகத்தில் இன்னும் 40 முதல் 60 மைல் பூட்டி வைத்திருக்கிறோம், 1,500 முதல் 2,000 டாலருக்குத் திறந்து தருவோம் என்று ஈலான் மஸ்க்கே சொன்னார். யூனிட்டுக்குச் சுமார் நாலு மைல் என்று வைத்தால் யூனிட்டுக்கு 130, 150 டாலர். 2016இன் 600 எங்கே, இது எங்கே. செல்லின் அடக்க விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே மாடல் எஸ்ஸில் பத்தாயிரம் டாலர் குறைத்து, 405 மைலுக்குப் பதில் 320 மைல் என்று ஒரு ஸ்டாண்டர்ட் ரேஞ்ச் விட்டு, உள்ளே அதே பேட்டரிதான் என்று தெரியவந்து, சில வாரங்களிலேயே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆக, பாடம் கற்றார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் இரண்டு விஷயம் போதும். வண்டியின் மேல் எழுதும் எண் உள்ளே இருக்கும் செல்லின் எண்ணாக இருக்கட்டும், பூட்டிய அளவைப் பக்கத்தில் எழுதட்டும். இரண்டாவது, வண்டி கைமாறும் நாளில் என்ன திறந்திருக்கிறதோ அது வண்டியோடு போகட்டும், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும். இதற்குச் சட்டம்தான் வேண்டும். கம்பெனி தானாகச் செய்யாது. நானே என் மேனேஜரிடம் சீரியல் எண்ணோடு கட்டுவதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறேன். "அப்புறம் காப்பி அடிப்பானே" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

நண்பனுக்கு எழுதிய பதில் இது: "60ன்னு நினைச்சு விலை பேசு. 60ஆ வெச்சு ஓட்டினா நல்ல வண்டி, பேட்டரி தேஞ்சிருக்காது. மேலே இருக்கிற 15க்கு ஒரு டாலர்கூடக் குடுக்காத, அது விக்கிறவரோடது இல்ல, அவரால உனக்குக் குடுக்க முடியாது. ஏற்கெனவே தொறந்திருக்குன்னு சொன்னா, முழு சார்ஜ் போட்டுத் திரையில எத்தனை மைல் காட்டுதுன்னு போட்டோ எடு, அவர் காசு கட்டின ரசீதையும் வாங்கி வெச்சுக்கோ."

விற்பவரிடம் ரசீது இருக்கிறதாம். தேடிக்கொண்டிருக்கிறாராம்.